நீச்சல்குளக் கரையில் சாய்வு நாற்காலி

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டை நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின் இரு மருங்கிலும், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று ஊருக்கு ஊர் எழும்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீடு வாங்க வருகிறவர்கள், நல்ல தண்ணீர் உண்டா என்று கேட்பதற்கு முன்னால் நீச்சல்குளம் உண்டா என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. குளத்துக்காக லட்சக்கணக்கில் செலவழித்த குடியிருப்போர் சங்கத்தார், அதன் கரையில் போட வேண்டிய நாற்காலிகளை மட்டும் திறப்பு விழாவுக்கு முந்தின வாரத்தில், ஏதோ ஒரு கம்பெனியின் படப் புத்தகத்தைப் புரட்டி, பார்வைக்கு அழகாயிருப்பது எதுவோ அதற்குக் கையெழுத்துப் போட்டு வரவழைத்து விடுகிறார்கள். இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் அவற்றில் பாதி மொட்டை மாடிக்குப் போய்விடுவதும், மீதியில் யாரேனும் வடாம் உலர்த்துவதும் இந்தப் பிரதேசத்தில் சர்வசாதாரணமான காட்சி. ஆகவே இந்த விஷயத்துக்குத் தனியே ஓர் அத்தியாயம் ஒதுக்குவது அவசியமாயிற்று.

அந்தப் படப் புத்தகங்களில் காணும் ஆசனம் எப்படிப்பட்டது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஆறரை அடி நீளம், இரண்டடிக்குச் சற்று மேற்பட்ட அகலம், தரையிலிருந்து ஓரடி உயரம், கையில்லை, முதுகுப் பலகையை மட்டும் நாலைந்து படிகளில் உயர்த்தலாம், தாழ்த்தலாம், நல்ல உச்சி வெயிலில், ஒரு துளி நிழல் இல்லாமல், வரிசையாகப் போடப்பட்டிருக்கும். இது உட்காருவதற்காக உண்டான ஆசனமே அன்று. படுத்து வெயில் காய்வதற்காக உண்டானது. சூரியனைக் காண்பதே அபூர்வமாயிருக்கும் தேசங்களில் பிறந்தது.

அதன் பூர்வோத்தரத்தை விசாரித்தால் நமக்குப் பக்கத்திலேயே ஒரு சம்பந்தம் அகப்படுகிறது. க்ஷயரோகத்துக்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில், ஜெர்மனியில் ஃபால்கென்ஸ்டைன் என்னும் இடத்தில் 1876-இல் ஆரோக்கிய நிலையம் ஏற்படுத்திய பீட்டர் டெட்வைலர் என்ற வைத்தியர், நோயாளிகளைத் திறந்த தாழ்வாரங்களில் நீண்ட சாய்வு நாற்காலிகளில் நாள் முழுதும் கிடத்தி, சுத்தமான காற்றும் ஓய்வும் ஊட்டுவதையே சிகிச்சையாக வகுத்தார். அந்த முறை ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் மலைக்குப் பரவி, 1924-இல் வெளிவந்த தாமஸ் மானின் பெரிய நாவலிலும் இடம் பெற்றது. இதே திறந்தவெளிச் சிகிச்சையில் நம்பிக்கை கொண்டு, இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் நிலையம் நடத்திய அனுபவத்தோடு தாயகம் திரும்பிய டாக்டர் சௌரி முத்து 1928-இல் நிறுவியதுதான் தாம்பரம் ஆரோக்கிய நிலையம். 1937-இல் அது அரசாங்கத்தின் வசமாயிற்று. மின்சார ரயிலில் நாள்தோறும் ‘சானடோரியம்’ என்று சொல்லி இறங்குகிறவர்களில் எத்தனை பேர் இதை நினைக்கிறார்கள்! இந்த மருத்துவமனை நாற்காலி ஒரு புறமும், கப்பல் மேல்தளத்தில் பிரயாணிகள் சாய்ந்து கிடந்த நாற்காலி மற்றொரு புறமும், 1886-இல் இங்கிலாந்தில் ஜான் மூர் என்பவர் காப்புரிமை பெற்ற மடக்கு நாற்காலியின் வமிசம் இன்னொரு புறமுமாகச் சேர்ந்தே, பிற்காலத்தில் ஹோட்டல்களின் நீச்சல்குளக் கரைக்கு வந்தன.

அங்கே வெயிலை நாடிச் செய்த பண்டத்தை, வெயிலுக்கு ஒதுங்கி வாழும் நாம் அப்படியே வாங்கிப் போடுவதில்தான் தவறு ஆரம்பமாகிறது. சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் சந்நிதி குன்றையே குடைந்து அமைந்தது; மூலவரை வலம் வரவேண்டுமானால் குன்றையே சுற்றி வரவேண்டும். சித்திரை மாதத்தில் நண்பகல் வேளையில் வெறுங்காலோடு வெயிலேறிய கல்லின்மேல் பிரதக்ஷிணம் செய்தவர்களுக்கு, கல் பாவிய குளக்கரை பன்னிரண்டு மணிக்கு எப்படியிருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. நம்முடைய குடியிருப்புகளில் குளம் உயிர்பெறும் நேரம் காலை ஆறிலிருந்து எட்டு வரையிலும், மாலை ஐந்திலிருந்து எட்டு வரையிலுந்தான். அப்போதும் கரையில் இருப்பவர் யார்? நீந்திக் களைத்துப் படுக்க வருகிறவர் நூற்றில் சிலரே. பேரனைத் தண்ணீரில் இறக்கிவிட்டுக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் தாத்தா, கையில் துண்டும் தோளில் பள்ளிக்கூடப் பையுமாக நிற்கும் தாய், பொழுதுபோக்காகக் கீழே இறங்கி வந்த பாட்டி, இவர்களே பெரும்பாலோர். நம் ஊரில் குளக்கரை நாற்காலி காவலிருப்பவருக்கு உரியது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் உயரம், திசை, நிழல், பொருள் ஆகிய எல்லாவற்றிலும் தீர்மானம் தானாகவே வந்துவிடும்.

உயரத்தை முதலில் சொல்கிறேன். ஓரடி உயர ஆசனத்தில் எழுபது வயது அம்மாள் ஒருவர் உட்காருவதைச் சற்று நின்று பார்த்தால் போதும். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, மற்றொரு கையால் பிடிமானம் தேடி, பிடிப்பதற்குக் கையொன்றும் இல்லாமையால் கடைசி அரையடியைத் தொப்பென்று விழுந்தே முடிக்கிறார். எழுந்திருக்கும்போது இன்னும் சிரமம். “ஏம்ப்பா, இதுல உக்காந்தா தூக்கி விடறதுக்கு ஒரு ஆள் வேணும் போலிருக்கே” என்று மகனிடம் கை நீட்டுகிறார். “நீ நாளைலேர்ந்து அந்தத் திண்ணையிலேயே உக்காரும்மா” என்கிறான் அவன். நாற்காலி காலியாகவே கிடக்கிறது. ஆகையால் பத்து ஆசனம் வாங்குவதாயிருந்தால், ஏழு ஆசனங்களாவது உட்காருமிடம் தரையிலிருந்து 42 முதல் 45 சென்டிமீட்டர் உயரமும், ஊன்றி எழக்கூடிய அகன்ற கைகளும், லேசாகச் சாய்ந்த முதுகும் உள்ள சாய்வு நாற்காலிகளாக இருக்கட்டும். மூன்று மட்டும் நீண்ட படுக்கை நாற்காலிகளாக இருக்கட்டும். கால் நீட்ட விரும்புகிறவருக்குத் தனியாக இரண்டு முக்காலிகள் போதும். ரொம்பச் சாய்ந்த நாற்காலியில் இருப்பவருக்குக் குளத்தின் அருகு விளிம்பு கண்ணுக்குத் தெரியாது என்பதையும், சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும் என்பதையும் சேர்த்து யோசித்தால், இந்த விகிதம் மிகையல்ல என்பது விளங்கும்.

திசை விஷயத்தில் கட்டட சாஸ்திரம் படித்தவர்கள்கூட ஏமாந்துபோவதுண்டு. இந்த ஊரில் ஏப்ரல் நான்காம் வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்ட் நடுவைத் தாண்டி ஒரு நாளும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். அவ்விரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் குடையின் நிழல் தெற்கே விழும்; மற்ற மாதங்களில் வடக்கே விழும். ஒரே இடத்தில் புதைத்த குடை வருஷம் முழுவதும் ஒரே நாற்காலிக்கு நிழல் தராது. அடியில் கனமான பீடம் வைத்து நகர்த்தக்கூடியதே உசிதம். ஆனால் நண்பகலில் குளத்துக்கு வருகிறவர் குறைவென்று முன்பே சொன்னோம். நமக்கு முக்கியமான வேளை மாலை. மாலைச் சூரியன் மேற்கே தாழ்ந்து நிற்கையில், கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி அமர்ந்தவருடைய கண்ணில் தண்ணீரின் பளபளப்பு நேராக வந்து அடிக்கிறது. அந்தக் கூச்சத்தில் நீர்ப்பரப்புக்குக் கீழே இருப்பது எதுவும் தென்படாது. காவலிருப்பவருக்கு இதைவிடப் பெரிய இடையூறு வேறில்லை. மேற்குக் கரையில், கிழக்கு நோக்கி, முதுகுக்குப் பின்னால் கட்டடமோ மரமோ நிழல் தர, நாற்காலிகளை வரிசையாகப் போடுவதே சரி. காலையில் நீந்துகிறவர்களுக்காக இரண்டு நாற்காலிகளை மட்டும் எதிர்க் கரையில் வைக்கலாம்.

குளத்தின் விளிம்புக்கும் நாற்காலியின் முன்காலுக்கும் இடையே நான்கடியாவது வழி விட வேண்டும். ஆபத்து நேர்ந்தால் ஓடுவதற்கு அந்த வழிதான் உண்டு. துண்டும் செருப்பும் பையும் அதில் குவியாமல் பார்த்துக்கொள்வது வாட்ச்மேனின் பொறுப்பாக இருக்கட்டும். குளத்தைச் சுற்றி வேலி இருந்தால், எந்த நாற்காலியும் அதை ஒட்டிக் கிடக்கலாகாது. பெரியவர் கண்ணுக்கு அது நாற்காலி. நான்கு வயதுப் பிள்ளைக்கு அது வேலி தாண்டும் ஏணி.

நிழலுக்கு மரம் நடுவதா, பந்தல் போடுவதா என்று கேட்பார்கள். புங்கனும் வேம்பும் குளிர்ந்த நிழல் தருபவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வேம்பு இலையுதிர்க்கும் மாசி பங்குனியிலும், புங்கன் பூச்சொரியும் பருவத்திலும் குளம் துப்புரவு செய்கிறவன் நம்மைச் சபிப்பான். தென்னை அழகுதான்; அடியில் நாற்காலி போட்டால் தேங்காயும் மட்டையும் முன்னறிவிப்பின்றி இறங்கும். மரத்தைக் குளத்திலிருந்து இருபதடி தள்ளி மேற்கே நட்டு, அது வளரும் வரையில் நிழல்வலையை இழுத்துக் கட்டிக்கொள்வது நல்லது. தென்னங்கீற்றுக் கொட்டகையின் குளுமைக்கு ஈடு எதுவும் இல்லையென்பது என் அபிப்பிராயம். ஆனால் அடிக்கடி கீற்று மாற்ற வேண்டும், தீக்குப் பயப்பட வேண்டும் என்பதால் சங்கத்தார் அதற்கு இசைவதில்லை.

இனிப் பொருளைப் பற்றி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் விடுதிகளுக்குச் சொல்லும் யோசனையை அப்படியே இங்கே கொண்டுவருவது பிசகு. சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் கடலுக்கும் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரம். அங்கே இரும்பை ஒரே வருஷத்தில் தின்றுவிடும் உப்புக் காற்று இங்கே அவ்வளவு உக்கிரமாக வருவதில்லை. இங்கே சத்துருக்கள் வேறு: வெயில், குளத்து நீரில் உள்ள குளோரின், ஐப்பசி கார்த்திகை மழை, ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர்.

இந்த நான்கையும் நல்ல முறையில் தாங்குவது, அலுமினியச் சட்டத்தில் பவுடர் கோட்டிங் செய்து, வலைபோன்ற செயற்கைத் துணியை இழுத்து மாட்டிய நாற்காலி. துருப்பிடிக்காது, ஒருவரே தூக்கி நகர்த்தலாம், தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும். குழாயின் கனம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாமலும், மேற்பூச்சு 60 முதல் 80 மைக்ரான் வரையிலும் இருக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். சட்டத்துக்கு வெளிர் நிறமே நல்லது. கறுப்புச் சட்டம் படத்தில் கம்பீரமாயிருக்கும், பங்குனி மாதத்தில் கை வைக்க முடியாது. பூட்டியிருக்கும் திருகுகளையும் போல்ட்டுகளையும் கவனிக்க வேண்டும்: அலுமினியத்தில் சாதாரண இரும்பு போல்ட்டை முடுக்கினால், ஈரம் பட்ட இடத்தில் இரண்டு உலோகங்களுக்கும் இடையே அரிப்பு உண்டாகி, துளை பெரிதாகி, நாற்காலி ஆட ஆரம்பிக்கும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும், நடுவில் ஒரு நைலான் வாஷரும் இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

முழுவதும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்ததை வாங்கச் சிலர் ஆசைப்படுவார்கள். சமையலறைப் பாத்திர ரகமான 304, குளத்தருகே வைத்தால் குளோரின் பட்டுப் பழுப்புக் கறை காட்டும். மாலிப்டினம் கலந்த 316 தாங்கும், ஆனால் விலை அதிகம், சூடும் அதிகம். வேண்டாம்.

பிரம்பு நாற்காலிக்கு நம்மவர்களிடம் தனியான பிரியம் உண்டு. அசல் பிரம்பு தாழ்வாரத்துக்கு உரியது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்தால் பிரிந்து போகும். ஆகவே பிரம்பு போலப் பின்னிய பிளாஸ்டிக்கை விற்கிறார்கள். அதில் இரண்டு ஜாதி உண்டு. பாலிஎதிலீன் நாரினால் பின்னியது, புறஊதாக் கதிருக்குத் தடை கலந்ததாயிருந்தால், பல வருஷம் உழைக்கும், பி.வி.சி. நாரில் பின்னியது சீக்கிரமே விறைத்து வெடித்து, தொடையில் கீறும். கடையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்புறத்தில் நுனி தெரிகிற ஒரு நாரைச் சீவிக் காட்டச் சொல்லுங்கள். வெளியே இருக்கும் நிறமே உள்ளேயும் இருக்க வேண்டும். உள்ளே வெளுப்பாயிருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். அடிப்பின்னல் மூடிய நாற்காலிகளில் எலி கூடு கட்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

தேக்கைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். தனக்குள்ளேயே எண்ணெய் ஊறியிருப்பதால் நனைவதற்கு அஞ்சாத மரம். வெயிலில் வெள்ளிச் சாம்பல் நிறமாக மாறுமே தவிர உளுத்துப்போகாது. ஆனால் இன்று விற்கப்படும் இளந்தேக்கில் வைரம் குறைவு, வெளுத்த பால்மரம் அதிகம். பழைய வீடுகளை இடிக்குமிடத்தில் கிடைக்கும் உத்தரமும் நிலையும் அகப்பட்டால், அவற்றைக் கொண்டு உள்ளூர் ஆசாரியிடம் செய்யச் சொல்வது புதிதாக வாங்குவதைக் காட்டிலும் மேலானது. ஆணி அடிக்காமல் துளையும் நாக்குமாகப் பூட்டச் சொல்லுங்கள். திருகு தேவைப்பட்ட இடத்தில் பித்தளை. மேலே வார்னிஷ் தடவ வேண்டியதில்லை; வெயிலில் அது தோல் உரிவதுபோல் உரிந்து, பிறகு தேய்த்தெடுப்பது இரட்டை வேலை. தேக்கு நாற்காலி கனமானது என்பது குறையல்ல, புயற்காலத்தில் அது குணமே.

அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நாற்காலி மலிவு, கழுவச் சுலபம். குழந்தைகள் பக்கத்துக்கு அதுவே போதும். உட்காருமிடத்தில் நீர் வடியத் துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எதை வாங்குவதாயினும் கடையில் மூன்று சோதனைகளைக் கூச்சப்படாமல் செய்ய வேண்டும். நீண்ட நாற்காலியின் கால்மாட்டு ஓரத்தில் முழுப் பாரத்தோடு உட்காருங்கள். தலைமாடு தூக்கினால் அது குழந்தை ஏறி விளையாடத் தகுதியற்றது. முதுகுப் பலகையை ஒரு கையால் உயர்த்தி விடுங்கள். இரண்டு பக்கத்துப் பல்லும் ஒரே சமயத்தில் பள்ளத்தில் விழ வேண்டும், ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக விழுந்தால் என்றைக்காவது ஒருவருடைய விரல் நசுங்கும். கடைசியாக, குழாய்களின் வாய்களைப் பாருங்கள். அவை மூடியில்லாமல் திறந்திருந்தால் மழைநீர் உள்ளே தங்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு தேக்கரண்டித் தண்ணீர் போதும்.

மெத்தை வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் பதில். மேல்துணி எவ்வளவு உயர்ந்ததாயிருந்தாலும் உள்ளிருக்கும் பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது, வாசனை கிளம்புகிறது, எடுத்து வைப்பார் யாருமில்லை.

பராமரிப்பில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. குளத்து நீரில் குளோரின் பத்து லட்சத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரையில் இருப்பது வழக்கம். நனைந்த உடம்போடு உட்காருகிறவர்கள் விட்டுச்செல்லும் அந்த நீர் உலர உலர, உப்பும் குளோரினும் துணியிலும் மூட்டுகளிலும் படிகின்றன. வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசிவிட்டால் அதன் வேகம் பெரிதும் தணியும். இந்த வட்டாரத்து ஆழ்துளைக் கிணற்று நீரை அப்படியே விட்டு உலர்த்தினால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். அலசியவுடன் துணியால் துடைக்க வேண்டும், திட்டு விழுந்துவிட்டால் தண்ணீர் கலந்த வினிகர் போதும். இதைவிடப் பிடிவாதமானது தேங்காய் எண்ணெய்க் கறை. தலைமாட்டில் வட்டமாகப் பிடித்து, புழுதி ஏறிக் கறுத்துப்போகும். பாத்திரம் துலக்கும் திரவத்தை வெந்நீரில் கலந்து மென்மையான பிரஷ்ஷினால் தேய்த்துக் கால்மணி ஊறவிட்டுக் கழுவ வேண்டும். ப்ளீச்சிங் பவுடரைப் போட்டால் கறையோடு துணியின் உயிரும் போய்விடும். எண்ணெய்த் தலைக்காரர்கள் ஒரு துண்டை விரித்துச் சாயும்படி பலகையில் எழுதி வைப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

வடகிழக்குப் பருவம் தொடங்கும் அக்டோபரில் நாற்காலிகளை எங்கே ஒதுக்குவது என்பதை, அவற்றை வாங்கும் நாளிலேயே தீர்மானித்திருக்க வேண்டும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வந்த வர்தா புயல், வண்டலூர் உயிரியல் பூங்காவிலேயே ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அப்பேர்ப்பட்ட காற்றுக்கு இலேசான அலுமினிய நாற்காலி எம்மாத்திரம்? ஜன்னல் கண்ணாடியை உடைப்பதற்கு அதைவிடச் சிறந்த ஆயுதமில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடியதாயிருந்தால் கிளப் ஹவுஸின் ஒரு மூலை போதும். புயல் அறிவிப்பு வந்ததும் நாற்காலிகளைக் குளத்துக்குள்ளேயே அமிழ்த்திவிடும் வழக்கம் அமெரிக்காவில் சிலரிடம் உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கும் செய்ய வேண்டியதில்லை. ஓடுகள் உடையும், குளோரின் நீரில் உலோகம் கெடும், பின்னர் அவற்றை வெளியே எடுப்பதற்கு இன்னொரு செலவு. இடமேயில்லாத பக்ஷத்தில், கவிழ்த்துப் போட்டு, கால்களைச் சேர்த்து, கயிற்றால் தூணோடு கட்டிவிடுங்கள். குடைகளை முன்கூட்டியே மடக்கிப் படுக்க வைக்கவும்.

பூச்சு உரிந்த அலுமினிய நாற்காலியை எறிந்துவிட அவசரப்பட வேண்டாம். மறைமலை நகரிலிருந்து ஒரகடம் வரையில் மோட்டார் உதிரி பாகங்களைக் கொண்டே பிழைக்கும் தொழில் வட்டாரம் இது. பவுடர் கோட்டிங் பட்டறையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பத்து நாற்காலியைச் சேர்த்துக் கொடுத்தால் இடைவேளையில் பூசித் தருவார்கள். வலைத்துணி தொய்ந்தாலோ கிழிந்தாலோ சட்டத்தின் பக்கவாட்டுப் பள்ளத்திலிருந்து உருவிவிட்டு, புதுத் துணியின் ஓரத்தைத் தைத்துச் செருகிவிடலாம். ஆகையினால் வாங்கும்போதே இரண்டு நாற்காலிக்கு வேண்டிய துணியை உபரியாகக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், பிற்பாடு அதே நிறம் கிடைப்பது துர்லபம். வெல்டிங் விட்டுப்போன சட்டத்தைத் தெருமுனைப் பட்டறையில் ஒட்டவைப்பது மட்டும் கூடாது: அலுமினியத்தை ஒட்டுவது இரும்பை ஒட்டுவது போலன்று, தெரிந்தவர் கையில்தான் நிற்கும். அப்படிப்பட்டவர் அகப்படாவிட்டால் அந்த நாற்காலியைத் தனியே எடுத்து வைத்து, ஆண்டு முடிவில் பழைய சாமான் கடைக்கு எடை போட்டுக் கொடுத்துவிடலாம். அலுமினியத்துக்கு இரும்பைக் காட்டிலும் நல்ல விலை வரும், அதைச் சங்கக் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.